கேள்விச் சுவையும் கேட்க வேண்டிய கேள்வியும்

தமிழில் ‘கேள்’ என்னும் சொல் இரு பணிகளைச் செய்கிறது. செவியால் ஏற்பதும் கேட்டல். வாயால் வினவுவதும் கேட்டல். அரபியில் இவ்விரண்டிற்கும் தனித்தனி வினைகள் உள்ளன. ‘ஸமிஅ’ என்றால் செவியுற்றான். ‘ஸஅல’ என்றால் வினவினான். ஒன்றை மற்றொன்றாக மயங்குவதற்கு அங்கே இடமில்லை. தமிழிலோ ‘கேள்வி’ என்ற ஒரே சொல் இரு பொருளையும் தாங்கி நிற்கிறது. செவியேற்றுவிட்டு வினவாது இருப்பவன் பாதிக் கேள்வியே உடையவன் என்று நம் மொழி சொல்லாமல் சொல்லுகிறதோ என நாம் எண்ணுவதுண்டு.

இவ்வெண்ணம் அண்மையில் மீண்டும் எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. முன்னர் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், இன்று இரு பிள்ளைகளுக்குத் தந்தை, நம்மைக் காண வந்தார். இரவு உணவுக்குப் பின் பிள்ளைகளை அருகில் இருத்திக்கொண்டு, பழைய அமெரிக்க வானொலித் துப்பறியும் நாடகங்களைக் கைப்பேசியில் போட்டுக் கேட்பது அவர் வழக்கம். பிள்ளைகள் ஆங்கில வழியில் பயில்பவர்கள்; புரியாத இடத்தில் நிறுத்தி இவர் விளக்குவாராம். ஆனால் இவருடைய வாப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. “கொலையையும் களவையும் கேட்டு இதுகள் என்ன படிக்கப் போகுது?” என்பது அப்பெரியவரின் கேள்வி. “உஸ்தாத், நீங்களே கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இது வீண் பொழுதுதானா?” என்றார் மாணவர். புறப்படும்போது வேறொன்றும் சொன்னார். ஒரு நாடகத்தின் முடிவில் அவருக்கு ஓர் ஐயம் எழுந்ததாம். அதற்கு அவருடைய இளைய மகன், “அதான் போலீஸே சொல்லிட்டாரே, அப்புறம் என்ன சந்தேகம், வாப்பா?” என்று கேட்டானாம்.

நமக்குள்ள ஆங்கில அறிவு பெரிதன்று. ஆயினும் ஒன்றை இருமுறை, மும்முறை கேட்டு, இரவுகள் பலவற்றை இதற்கென ஒதுக்கினோம். இந்நாடகங்கள் தம் நாட்டில் ஒலித்து ஓய்ந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. எழுதியவரும் நடித்தவரும் மறைந்துவிட்டனர். அவ்வாறிருக்க, கடல் கடந்த ஊரில் ஓர் அரபி ஆசிரியனையும் உறங்கவிடாமல் இருத்தும் ஈர்ப்பு இவற்றில் எங்கிருந்து வந்தது? அந்த ஈர்ப்பு நன்மைக்கா, தீமைக்கா? இவ்விரு வினாக்களுக்கே ஈண்டு விடை தேட முயல்கிறோம்.

முதற்கண் வரலாறு சிறிது. அமெரிக்க வானொலியில் இவ்வகை நாடகம் வேரூன்றிய ஆண்டு 1930 எனலாம். அவ்வாண்டு ஜூலைத் திங்களில், ஒரு துப்பறியும் கதை இதழை விற்பதற்காக அவ்விதழார் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினர். கதைகளை அறிமுகம் செய்ய ‘தி ஷேடோ’, அதாவது ‘நிழல்’, என்ற பெயரில் ஓர் அச்சந்தரும் குரல் அமைக்கப்பட்டது. நடந்தது வேறு. கடைக்குச் சென்ற மக்கள் அந்த இதழைக் கேட்கவில்லை. ‘நிழல்’ வரும் இதழைக் கொடு என்றார்கள். அப்படியோர் இதழே அப்போது இல்லை. குரலுக்குப் பின்னால் ஓர் உருவத்தைப் படைத்து, 1931-இல் ‘தி ஷேடோ’ என்ற பெயரில் ஓர் இதழையே வெளியிட வேண்டியதாயிற்று. அதே 1930-இன் அக்டோபரில் ஷெர்லக் ஹோம்ஸும் அமெரிக்க வானொலிக்கு வந்தார். எடித் மெய்சர் என்ற பெண்மணி நாடகமாக்க, மேடையில் ஹோம்ஸாக நடித்துப் புகழ்பெற்ற முதியவர் வில்லியம் ஜில்லெட் முதல் நாடகத்திற்குக் குரல் கொடுத்தார். இவற்றில் தொடங்கிய மரபு 1962 செப்டம்பர் 30 அன்று ‘ஜானி டாலர்’ நாடகத்தின் கடைசி ஒலிபரப்போடு ஏறத்தாழ முடிவுற்றது. தொலைக்காட்சி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஒரு குரலைக் கேட்ட மக்கள், அக்குரலுக்குரியவனை இதழிலே தேடினார்கள் என்றோமல்லவா? இக்கலையின் முதல் ஈர்ப்பு அங்கேயே வெளிப்பட்டுவிட்டது. கண்ணுக்கு எதுவும் தராத கலை இது. தராத அளவுக்கு உள்ளம் தானே படைத்துக்கொள்கிறது. 1937-இல் ‘நிழல்’ தனி நாடகத் தொடராக மாறியபோது, இருபத்திரண்டு வயதே ஆன ஆர்சன் வெல்ஸ் அதன் நாயகன் லமாண்ட் கிரான்ஸ்டனாக நடித்தார். பிறர் மனத்தை மயக்கித் தன்னைக் காணாதபடி செய்துவிடும் ஆற்றல் அந்த நாயகனுக்கு உண்டு. குற்றவாளியின் அறைக்குள் அவன் நிற்பான்; குரல் மட்டும் கேட்கும். திரைப்படத்தில் இதைக் காட்ட எத்தனை உத்திகள் வேண்டும்! வானொலியிலோ ஓர் உத்தியும் வேண்டியதில்லை. வானொலியில் எல்லாருமே காணப்படாதவர்கள்தாம். குற்றவாளி எந்த இருளில் நின்று அக்குரலைக் கேட்கிறானோ, அதே இருளில்தான் நாமும் நின்று கேட்கிறோம்.

குரலுக்குத் துணையாக ஓசைகள் உண்டு. சோளமாவு நிறைந்த பையை அழுத்தினால் பனியில் நடக்கும் காலடி. மெல்லிய கண்ணாடித்தாளைக் கசக்கினால் எரியும் தீ. அக்காலத்து நாடகங்களிற் பல பதிவு செய்து ஒலிபரப்பப்பட்டவை அல்ல. நடித்தபடியே வான்வழி சென்றவை. நாட்டின் கிழக்குப் பகுதிக்கு ஒருமுறை நடித்துவிட்டு, மேற்குப் பகுதியின் நேரத்திற்காகச் சில மணி கழித்து மீண்டும் முழுவதையும் நடித்ததும் உண்டு. நமக்கு இன்று கிடைப்பவை பெரும்பாலும் 16 அங்குல அகலமுள்ள இசைத்தட்டுகளில் தப்பிப் பிழைத்தவை. எத்தனையோ அழிந்துபோயின. தேய்ந்த தட்டின் கரகரப்பையும் சேர்த்தே நாம் கேட்கிறோம். அதுவும் ஒரு சுவையாகவே இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டாவது ஈர்ப்பு, கதை சொல்லும் முறையில் உள்ளது. இந்நாடகங்களுள் நல்லவை, கூட்டத்தை நோக்கிப் பேசுவதில்லை. ஒருவரை நோக்கிப் பேசுகின்றன. ஹோம்ஸ் நாடகங்களில் அறிவிப்பாளர் வாட்சனைத் தேடிச் செல்வார். வாட்சன் பழங்கதையை அவருக்குச் சொல்வார். 1939 முதல் 1946 வரை ஹோம்ஸாகப் பேசில் ராத்போனும் வாட்சனாக நைஜல் புரூஸும் நடித்த தொடரில் இம்முறையைக் காணலாம். டாஷியல் ஹாமெட் படைத்த சாம் ஸ்பேட் 1946-இல் வானொலிக்கு வந்தபோது, துப்பறிவாளர் தம் செயலாளராகிய எஃபியை அழைத்து, முடிந்த வழக்கின் அறிக்கையை வாயால் சொல்லி எழுதவைப்பார். அந்த அறிக்கையே நாடகம். ஜானி டாலர் இன்னும் விந்தையானவர். அவர் காப்பீட்டுக் குழுமங்களுக்காகப் புலனாய்வு செய்பவர். குழுமத்திற்கு அவர் அனுப்பும் செலவுக் கணக்கே கதையாக விரிகிறது. வாடகை வண்டிக்கு இவ்வளவு, விடுதிக்கு இவ்வளவு என்று வரிசையாகச் சொல்லிச் செல்வார். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு நிகழ்ச்சி இருக்கும். 1955-இல் பாப் பெய்லி இப்பாத்திரத்தை ஏற்றார். அதனைத் தொடர்ந்து ஓராண்டிற்கு மேல், ஒரே வழக்கு வாரத்தில் ஐந்து இரவுகள், இரவுக்குக் கால் மணி நேரமாக வந்தது. அவசரமில்லாமையால் மனிதர்கள் அங்கே மனிதர்களாகவே பேசுகிறார்கள். கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் நம் வீட்டாருக்கு, கணக்கையே கதையாக்கும் இவ்வித்தை பிடிக்கும் என்றே தோன்றுகிறது.

அரபி இலக்கியம் பயின்றோர்க்கு இம்முறை புதிதன்று. ஹரீரியின் ‘மகாமாத்’தை ஓதிய எவரும் ஹாரித் இப்னு ஹம்மாமை மறந்திருக்க மாட்டார். ஐம்பது மகாமாக்களிலும் அவரே நமக்குக் கதை கூறுபவர். ஊர் ஊராகச் செல்வார். நாவன்மையால் மக்களை மயக்கிப் பொருள் பறிக்கும் ஒருவனைக் காண்பார். இறுதியிலே அவன் ஸரூஜ் நகரத்து அபூஸைதே என்று இனங்கண்டுகொள்வார். குரலும் சொல்லும் ஏமாற்றும். கூர்ந்து கேட்பவனுக்கு அவையே காட்டியும் கொடுக்கும். இந்தப் பாடத்தை ஹரீரியிடம் கற்றவன், சாம் ஸ்பேடின் முன் அமர்ந்து பொய்யுரைக்கும் மனிதரின் குரலில் ஏற்படும் சிறு தடுமாற்றத்தைக் கேட்டவுடன் புன்னகை செய்வான்.

ஆனால் ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். ‘ஆயிரத்தோர் இரவுகள்’ நூலில் மூன்று ஆப்பிள்களின் கதை ஒன்று உண்டு. தஜ்லா ஆற்றில் கிடைத்த பெட்டிக்குள் ஒரு பெண்ணின் உடல் காணப்படுகிறது. கொலைகாரனை மூன்று நாளில் கண்டுபிடிக்க வேண்டும், இல்லையேல் உயிர் தப்பாது என்று அமைச்சர் ஜஃபருக்கு ஹாரூன் ரஷீது ஆணையிடுகிறார். அமைச்சர் துப்பறிந்தாரா? இல்லை. வீட்டில் அமர்ந்து விதியை நொந்துகொள்கிறார். உண்மை தானாக வந்து வெளிப்படுகிறது. பழங்கதையில் உண்மை மனிதனைத் தேடி வரும். வானொலி நாடகத்தில் மனிதன் உண்மையைத் தேடிப் படியேறிக் கதவு கதவாகத் தட்டுகிறான். அவனோடு நாமும் தேடுகிறோம். கேட்பவனுக்கு ஒரு வேலையைக் கொடுத்ததே இக்கலையின் பெருமை. சொல்வார் சொல்லை எடைபோடு, முன் சொன்னதோடு ஒப்பிடு, முரண் கண்டால் விடாதே என்று அது நம்மைப் பழக்குகிறது.

இத்தனையும் சொன்னபின், குறைகளை மறைப்பது திறனாய்வாகாது. நாம் கேட்டவற்றுள் பாதிக்கு மேல் தரத்திற் குறைந்தவையே. அரை மணி நேரத்தில் விளம்பரம் போக எஞ்சுவதற்குள் ஒரு கொலை, மூன்று ஐயப்பாடுகள், ஒரு துப்பாக்கிச் சூடு, ஓர் ஒப்புதல் வாக்குமூலம் ஆகிய அனைத்தையும் அடைக்க வேண்டியிருந்தது. எனவே பிணம் என்பது ஒரு மனிதன் என்ற நினைவே சில நாடகங்களில் இல்லை. ஒருவன் மாண்ட அடுத்த நொடியில் துப்பறிவாளர் வேடிக்கையாக ஏதோ சொல்லுகிறார். அதை அடுத்துத் தலைக்குத் தடவும் களிம்பின் விளம்பரம் வருகிறது. பெரியவரின் கோபத்தில் நியாயம் உண்டு என்று அவ்விடங்களில் நமக்கே பட்டது. மேலும், முகம் காட்ட இயலாத கலையாதலின், தீயவனை அடையாளம் காட்டச் சில ஆசிரியர்கள் எளிய வழியொன்றைக் கையாண்டனர். அவனுக்கு அயல்நாட்டுப் பேச்சு வாடையைக் கொடுத்துவிடுவது! உச்சரிப்பு வேறுபட்டால் உள்ளமும் கெட்டது என்று செவிக்குக் கற்பிப்பது சிறு குற்றமன்று.

இக்குறைகளினின்று பெரிதும் விலகி நின்றது ‘டிராக்நெட்’ என்னும் தொடர். ‘இழுவலை’ என்பது அதன் பொருள். 1949 ஜூனில் தொடங்கி 1957 வரை வானொலியில் ஒலித்தது. ஜாக் வெப் அதனைப் படைத்து, லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் காவல்துறையின் ஜோ ஃப்ரைடே என்ற அலுவலராகத் தாமே நடித்தார். இவருக்கு மாயசக்தி இல்லை, மேதைமை இல்லை, வேடிக்கைப் பேச்சும் இல்லை. தேதி, நாள், வானிலை, தமக்கிட்ட பணி ஆகியவற்றைத் தாழ்ந்த குரலில் சொல்லித் தொடங்குவார். பின்னர் வினவுவார், காத்திருப்பார், மீண்டும் வினவுவார். கேட்கப்படும் கதை உண்மையானது, பெயர்கள் மட்டுமே மாற்றப்பட்டவை என்று தொடக்கத்திலேயே அறிவிக்கப்படும்.

1949 டிசம்பரில் வந்த ஒரு நாடகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு சிறுவனுக்கு வாங்கி வைத்த துப்பாக்கி, உரிய நாளுக்கு முன்பே அவன் கைக்கு வந்துவிடுகிறது. விளையாட்டில் அது வெடித்து அவன் மாள்கிறான். உடனிருந்த தோழன் அச்சத்தால் ஒளிந்துகொள்கிறான். இதில் கொலைகாரன் இல்லை; பிடிக்கவேண்டிய எவனும் இல்லை. முடிவில் மகனை இழந்த தந்தை, அவனுக்கென வாங்கிய பரிசுகளை நடுங்கும் அந்தத் தோழனுக்கே கொடுத்துவிடுகிறார். பெரிய வசனம் ஏதும் இல்லை. கதவு திறக்கிறது, ஒரு மனிதர் உள்ளே போகிறார், மெல்லப் பேசுகிறார். அவ்விரவு நம்மால் அடுத்த நாடகத்திற்குச் செல்ல இயலவில்லை.

1951 டிசம்பரில் இன்னொன்று நிகழ்ந்தது. ஃப்ரைடேயின் கூட்டாளி பென் ரொமேரோவாக நடித்துவந்த பார்ட்டன் யார்பரோ மாரடைப்பால் இறந்தார். வேறொருவரை அமர்த்தி மழுப்பிவிடாமல், ரொமேரோவும் இறந்ததாகவே நாடகம் அமைக்கப்பட்டது. சாவை விளையாட்டுப் பொருளாக்கிய ஒரு துறையில், இவர்கள் சாவுக்கு உரிய அமைதியைக் கொடுத்தார்கள்.

இனி, மாணவரின் இளைய மகன் கேட்டதற்கு வருவோம். காவல்துறையே சொன்னபின் என்ன ஐயம்? சிறுவன் தானாக அப்படிச் சொல்லவில்லை. ‘டிராக்நெட்’ தான் அவனுக்கு அதைக் கற்பித்தது. அது நல்ல நாடகமாக இருந்ததனாலேயே கற்பிக்க முடிந்தது. உரத்துப் பேசுபவனை நாம் ஐயுறுவோம். தாழ்ந்த குரலில், தேதியும் நேரமும் பிசகாமல் பேசுபவனை எளிதில் நம்பிவிடுவோம். ஆனால் அந்தத் தேதியும் நேரமும் எங்கிருந்து வந்தன? லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையின் கோப்புகளிலிருந்து. அத்துறையின் ஒத்துழைப்பாலேயே தொடர் உருவாயிற்று. நாடகங்களின் எழுத்துப்படி அத்துறையினர் பார்வைக்குச் சென்றே வந்தது. கதை முடிந்ததும் அறிவிப்பாளர் வந்து, குற்றவாளிக்கு எந்த நீதிமன்றத்தில் என்ன தண்டனை கிடைத்தது என்று சொல்லிவிடுவார். அவன் தரப்பு வழக்குரைஞரோ, அவன் வீட்டாரோ பேசுவதற்கு அங்கே இடம் இருப்பதில்லை.

ரொமேரோவின் மறைவுக்காக அமெரிக்க மக்கள் வருந்திய அதே 1951 டிசம்பரில், அதே நகரில், 25-ஆம் தேதி விடியலில் ஒரு செயல் நடந்தது. காவலில் இருந்த எழுவரைக் காவலர்கள் கூட்டமாகச் சேர்ந்து கடுமையாக அடித்தார்கள். அவர்களுள் ஐவர் மெக்சிகோ வழிவந்த இளைஞர்கள். 1952-இல் காவலர் எண்மர் மீது குற்றச்சாட்டுப் பதிவாயிற்று; ஐவர் தண்டனை பெற்றனர். ‘இரத்தக் கிறிஸ்துமஸ்’ என்று வரலாறு இதனைக் குறிக்கிறது. ஜோ ஃப்ரைடேயின் அமைதியான குரல் ஒருபுறம். அடிபட்டவர்களின் குரல் மறுபுறம். முன்னது நாடெங்கும் ஒலித்தது. பின்னதைக் கேட்க நாடகமேதும் இருக்கவில்லை. ஜாக் வெப் பொய் சொன்னார் என்பது நம் கூற்றன்று. அவர் ஒரு தரப்பின் உண்மையைச் சொன்னார். ஒரு தரப்பைக் கேட்டுத் தீர்ப்பளிப்பவர் நல்ல காழி அல்லர் என்பதை மத்ரஸாவின் இளைய மாணவரும் அறிவார்.

ஒலிக்காத குரலுக்கு இன்னொரு சான்று சாம் ஸ்பேடின் கதை. அமெரிக்காவில் கம்யூனிஸ்டு வேட்டை மூண்ட காலம் அது. 1950 ஜூனில், ஐயத்திற்குரியோர் என்று வானொலி, தொலைக்காட்சித் துறையினர் 151 பேரின் பெயர்களை அடுக்கி ‘ரெட் சேனல்ஸ்’ என்ற நூல் வெளிவந்தது. ஸ்பேடாக நடித்த ஹோவர்ட் டஃபின் பெயர் அதில் இருந்தது. அவ்வாண்டிலேயே அவர் தொடரில் இல்லாது போனார். வேறொருவர் குரலில் ஸ்பேட் சிறிது காலம் பேசி, 1951-இல் தொடர் நின்றது. படைப்பாளர் ஹாமெட், ஜாமீன் நிதிக்குப் பணம் தந்தவர் யாவர் என்று சொல்ல மறுத்ததற்காக அதே 1951-இல் சிறை சென்றார். செவிவழிக் கலையின் பலவீனம் இதுவே: ஒலிப்பதை மட்டுமே செவி அறியும். நீக்கப்பட்ட ஒரு குரலின் காலியிடம் செவிக்குத் தெரியாது. அதனை அறிவு தான் கேட்டறிய வேண்டும்.

ஆகவே மாணவர்க்கு நம் விடை இது. பிள்ளைகள் கேட்கட்டும், தடுக்க வேண்டா. கொலையை விளையாட்டாக்கும் மலிந்த நாடகங்களை விலக்கிவிடுங்கள். அந்த அளவில் உங்கள் வாப்பா சொல்வது சரியே. அதை அவரிடமே ஒப்புக்கொள்ளுங்கள். அவரையும் அருகில் அமர்த்தி, துப்பாக்கிப் பரிசின் கதையை முதலில் போடுங்கள். காட்சிகள் கண்ணை ஓயாமல் இழுக்கும் இந்நாளில், அரை மணி நேரம் அசையாமல் இருந்து ஒருவர் பேச்சை இறுதிவரை கேட்பது ஒரு பயிற்சி. மத்ரஸாவில் பாடம் கேட்கும் பிள்ளைக்கும் அது வேண்டும். நாளை ஒரு வழக்கில் சாட்சி சொல்லவோ, ஒரு குடும்பப் பிணக்கில் நடுவராக இருக்கவோ போகிறவனுக்கும் அது வேண்டும்.

ஆனால் நாடகம் முடிந்ததும் கைப்பேசியை அணைத்துவிட்டு உறங்கச் செல்ல விடாதீர்கள். மூன்று வினாக்களைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். இந்தக் கதையை நமக்குச் சொன்னவர் யார்? அவருக்கு அது எப்படித் தெரிந்தது? பேச வாய்ப்பே கிடைக்காதவர் யார்? நபிமொழித் துறையில் அறிவிப்பாளரை ஆராயும் நம் முன்னோர், இனிய குரலுக்காக எவரையும் ஏற்றதில்லை. அவர்கள் வழிவந்த பிள்ளைகளுக்கு இவ்வினாக்கள் சுமையாக இரா. கேள்வியின் ஒரு பாதியை அந்தப் பழைய நாடகங்கள் அழகாகவே தருகின்றன. மறுபாதியைத் தர வேண்டியவர்கள் வீட்டிலுள்ள நாம்.